முடிவான சான்று: குற்றப் பரம்பரைச் சட்டம் கற்பிக்கும் பாடம்

சமூக விரோதச் செயல் என்னும் தொடர் அரசாங்க அறிக்கைகளிலும் நாளேடுகளிலும் நாள்தோறும் அடிபடுவதாகும். திருட்டு, வழிப்பறி, கொள்ளை முதலியவற்றால் அல்லலுறும் குடிமக்களைக் காப்பது அரசின் தலையாய கடமை என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. உழவு மாட்டைக் களவு கொடுத்த குடியானவனின் துயரம் உண்மையான துயரமே. ஆயினும் அக்கடமையை ஆற்றப் புகும் அரசாங்கம் மூன்று வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும். தீங்கு செய்தவர் யார்? அதற்குச் சான்று யாது? எடுத்துக்கொண்ட நடவடிக்கை பயன் அளித்ததா? இம்மூன்றையும் கேளாமல் கொள்கை வகுத்தால் என்ன நேரும் என்பதை அறிய நாம் வேற்று நாட்டு வரலாற்றைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. 1871 முதல் 1952 வரை, எண்பத்தோராண்டுக் காலம், நம் நாட்டிலேயே அத்தகைய கொள்கையொன்று நடைமுறையில் இருந்தது. அதற்குக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று பெயர்.

இச்சட்டத்தின் வேர் இன்னும் சற்றுப் பின்னே செல்கிறது. வழிப்போக்கரோடு நட்புப் பூண்டு, தனியிடத்தில் அவர்களைக் கழுத்தை நெரித்துக் கொன்று பொருள் கவர்ந்த 'தக்கர்' கூட்டத்தாரை ஒடுக்க, 1830-களில் வில்லியம் ஸ்லீமன் என்னும் அதிகாரி பெருமுயற்சி மேற்கொண்டார். குறிப்பிட்ட கொலையை இன்னார் செய்தார் என்று மெய்ப்பிப்பது அரிதாயிருந்தது. ஆகவே 1836-ஆம் ஆண்டின் 30-ஆவது சட்டம் ஒரு புது வழியைத் திறந்தது. தக்கர் கூட்டம் ஒன்றைச் சேர்ந்தவர் என்று மெய்ப்பிக்கப்பட்டாலே போதும், ஆயுள் முழுவதும் கடுங்காவல் விதிக்கலாம் என்று அது கூறிற்று. ஒருவர் செய்த செயலுக்குத் தண்டனை என்ற நிலை மாறி, அவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதற்கே தண்டனை என்ற நிலை அப்போது பிறந்தது. உடந்தையாயிருந்து பின் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியவர்களின் வாக்குமூலங்களே வழக்குகளுக்குப் பெரிதும் ஆதாரமாயின. ஆயினும் அச்சட்டத்தில் ஒரு தடுப்பு எஞ்சியிருந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்தாம் என்பதை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாக வேண்டும். அடுத்து வந்த சட்டம் அந்தத் தடுப்பையும் அகற்றியது.

பஞ்சாபில் சான்சியர் முதலிய சில இனத்தாரின் பெயர்களைப் போலீஸார் பதிவு செய்துகொண்டு, அவர்கள் ஊரை விட்டு வெளியேறாதபடி கட்டுப்படுத்தி வந்தனர். இதற்குச் சட்டத்தின் துணை இல்லை என்று அம்மாகாணத்தின் தலைமை நீதிமன்றம் 1867-இல் தீர்ப்பளித்தது. வழக்கத்தைக் கைவிடுவதா, அதற்கேற்பச் சட்டத்தை இயற்றிக்கொள்வதா என்ற வினா எழுந்தபோது, அரசாங்கம் இரண்டாவது வழியையே தேர்ந்தது. 1871-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் குற்றப் பரம்பரைச் சட்டம் கவர்னர் ஜெனரலின் இசைவைப் பெற்றது. தொடக்கத்தில் அது வடமேற்கு மாகாணங்கள், அயோத்தி, பஞ்சாப் ஆகிய பகுதிகளில் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் வாசகத்தைச் சற்று நின்று நோக்குவோம். ஓர் இனமோ கூட்டமோ வகுப்போ, பிணையில் விடத்தகாத குற்றங்களைத் தொடர்ந்து செய்யும் பழக்கமுடையது என்று 'நம்பக் காரணம் இருந்தால்', மாகாண அரசாங்கம் அதைக் கவர்னர் ஜெனரலுக்கு எழுதி, அவ்வினத்தைக் குற்றப் பரம்பரை என அறிவிக்கலாம். நம்பிக்கைக்குக் காரணம் இருந்தால் போதும். குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டுவதில்லை. நாடோடி இனமாயின், அது நேர்மையான தொழில் செய்கிறதா என்பதையும், அத்தொழில் உண்மையானதா, அன்றிக் குற்றம் புரிவதற்கான பாசாங்கா என்பதையும் மாகாண அரசாங்கம் தன் கருத்தாகக் கூற வேண்டும். கூடை முடைபவர் கூடை முடைவதும், உப்பு விற்பவர் உப்பு விற்பதும் ஓர் அதிகாரியின் கருத்தில் பாசாங்காகிவிட்டால், உழைப்பே ஐயத்துக்கு இடமாகிவிடும். தொழில் இல்லாவிடில் குற்றவாளி. தொழில் இருப்பின் வேடதாரி. இப்பொறியில் சிக்கியவர் மீள்வதற்கு வாயில் ஏது?

இவற்றினும் கொடிது ஆறாவது பிரிவு. அவ்வறிவிக்கை முறைப்படி செய்யப்பட்டதா என்ற வினாவை எந்த நீதிமன்றமும் எழுப்பலாகாது. அறிவிக்கையே அவ்வினத்துக்குச் சட்டம் பொருந்தும் என்பதற்கு முடிவான சான்று என்று அது விதித்தது. சட்டங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்க்கும் பணியில் உள்ள நமக்கு 'முடிவான சான்று' என்னும் தொடர் பழக்கமானது. ஒன்றை முடிவான சான்று என்று சட்டம் கூறிவிட்டால், அதை மறுப்பதற்கு எதிர்ச்சான்று கொண்டுவர நீதிமன்றம் இடந்தராது என்பது அதன் பொருள். இப்பொருளை வரையறுத்துக் கூறியது 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம். அதன் ஆசிரியர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். குற்றப் பரம்பரைச் சட்டம் நிறைவேறியபோது கவர்னர் ஜெனரலின் கவுன்சிலில் சட்ட உறுப்பினராக இருந்தவரும் அவரே.

இரு சட்டங்களுக்கும் இடையே கழிந்த காலம் ஐந்தே மாதம். குற்றஞ்சாட்டுபவரே மெய்ப்பிக்க வேண்டும், ஒருவர் தீய நடத்தையுடையவர் என்று பேர்பெற்றிருப்பது மட்டும் அவர் குற்றம் செய்தார் என்பதற்குச் சான்றாகாது என்னும் உயரிய நெறிகளை ஒரு சட்டம் நாட்டுக்கு வழங்கிற்று. 2024-ஆம் ஆண்டு ஜூன் இறுதிவரை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக, நம் நீதிமன்றங்கள் அதன்படியே இயங்கின. அதே மேசையிலிருந்து புறப்பட்ட மற்றொரு சட்டமோ, நாட்டு மக்களில் ஒரு பகுதியினர்க்கு அந்நெறிகள் பொருந்தா என்று சொல்லாமற் சொல்லியது.

இத்துணைக் கடுமையான சட்டத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது யாது? மசோதாவை ஆதரித்தோர் வைத்த வாதம் ஓர் உவமையே. இந்தியாவில் தொழில்கள் சாதி வழி வருகின்றன. தச்சன் மகன் தச்சனாகிறான். ஆதலால் குற்றமும் சில சாதியாரின் பரம்பரைத் தொழிலாகத்தான் இருத்தல் வேண்டும் என்றனர். உவமை விளக்கத்துக்கு உதவும், மெய்ப்பித்தலுக்கு உதவாது. அவ்வினத்தாரில் எத்தனை பேர் குற்றம் புரிந்தனர், எத்தனை பேர் புரியவில்லை, அக்கம்பக்கத்து ஏழைகளைக் காட்டிலும் அவர்கள் மிகுதியாகக் குற்றம் புரிந்தனரா என்ற கணக்கைச் சட்டம் கேட்கவில்லை. ஒருவர் திருடியது அவருடைய இனத்தைப் பற்றிய சான்றாயிற்று. மற்றவர் திருடாதது எதற்கும் சான்றாகவில்லை.

குற்றம் நடந்த இடங்களிலும் அதன் காரணத்தை வேறிடத்தில் தேடியிருக்கலாம். பஞ்சாரர் எருதுகளின் மேல் தானியமேற்றி நாடெங்கும் கொண்டு சென்றவர்கள். பெரும் படைகளுக்கு உணவளித்ததும் அவர்களுடைய பொதியெருதுகளே. தெற்கே குறவரும் எருகுலரும் கடற்கரை உப்பைக் கழுதை மேலும் மாட்டின் மேலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்று, அங்கிருந்து தானியம் கொண்டு திரும்பினர். உப்பு அரசாங்கத்தின் ஏகபோகமாயிற்று. 1850-களிலிருந்து இருப்புப்பாதை நீண்டது. இரயில் ஒரே நாளில் சுமந்து சென்ற சுமைக்கு முன் பொதிமாடுகள் பயனற்றுப் போயின. 1878-ஆம் ஆண்டின் காட்டுச் சட்டம், மாடு மேய்க்கவும் மூங்கில் வெட்டவும் இருந்த வழக்கமான உரிமைகளைச் சுருக்கியது. அக்காலத்திலேயே, 1876 முதல் 1878 வரை, தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியது. பிழைப்பை இழந்த மக்கள் அலைந்தனர். அலைந்தவர்கள் ஐயத்துக்கு உள்ளாயினர். கொள்கையால் விளைந்த வறுமை குருதியில் ஊறிய குணமாக ஏடுகளில் பதிவாயிற்று.

இனிச் சட்டம் நடைமுறையில் இயங்கிய விதத்தைக் காண்போம். அறிவிக்கப்பட்ட இனத்தார் பதிவேட்டில் பெயர் பதிந்துகொள்ள வேண்டும். குறித்த நேரத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு வந்து நிற்க வேண்டும். ஊரெல்லையைக் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டும். தவறினால் சிறை, சவுக்கடியும் உண்டு. 1897-ஆம் ஆண்டின் திருத்தம், நான்கு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்புகளில் வைக்க இடமளித்தது. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை ராஜதானி உள்ளிட்ட எல்லாப் பகுதிகளுக்கும் அம்முறையை விரிவாக்கி, கவர்னர் ஜெனரலின் முன் அனுமதியும் வேண்டா என்றாக்கிக் கைரேகைப் பதிவையும் புகுத்தியது. 1924-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றையெல்லாம் ஒன்றுதிரட்டியது. அதன்படி, அறிவிக்கப்பட்ட இனத்தார் ஒருவர் குறிப்பிட்ட சில குற்றங்களுக்கு இரண்டாம் முறை தண்டனை பெற்றால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறையாயின் ஆயுள் முழுவதும் நாடு கடத்தல்.

இதில் ஒரு நுட்பமான தீங்கு மறைந்திருந்தது. இரவில் கணக்கெடுப்புக்கு வராதது ஒரு குற்றம். சீட்டின்றி அடுத்த ஊர்ச் சந்தைக்குச் சென்றது ஒரு குற்றம். பிறர் செய்தால் குற்றமாகாத இச்செயல்களுக்காக அவர்கள் தண்டிக்கப்பட்டனர். அத்தண்டனைகள் அவ்வினத்தின் குற்றக் கணக்கில் ஏறின. அக்கணக்கோ, இச்சட்டம் எத்துணை இன்றியமையாதது என்பதற்குச் சான்றாயிற்று. தனக்கு வேண்டிய சான்றைத் தானே விளைவித்துக்கொண்ட கொள்கை இது. குற்றம் பெருகினால் கண்காணிப்பு போதவில்லை என்பர். குறைந்தால் கண்காணிப்பின் பயன் என்பர். எந்த விளைவு கண்டாலும் தன் பிழையை உணர முடியாத கொள்கை, கொள்கை என்னும் பெயருக்கே தகுதியற்றது.

நன்மை கருதி உழைத்தவர்களும் இருந்தனர் என்பதை மறைப்பது வரலாறாகாது. சால்வேஷன் ஆர்மி என்னும் கிறிஸ்தவச் சங்கத்தார் 1908-இல் கோரக்பூரிலும், பின்னர் வேறு பல இடங்களிலும் குடியிருப்புகளை நடத்தினர். ஆந்திரக் கடற்கரையில் பாபட்லாவுக்கு அருகே 1913-இல் எருகுலருக்கென நிறுவப்பட்ட ஸ்டூவர்ட்புரம் அவற்றுள் ஒன்று. நிலமும் பள்ளியும் தொழிற்பயிற்சியும் அங்கே கிடைத்தன. ஆனால் அங்கிருந்தோர் தாமே விரும்பி வந்தவர்களும் அல்லர், விரும்பியபோது வெளியேறக் கூடியவர்களும் அல்லர். சீராலாவின் புகையிலைத் தொழிற்சாலைக்கு இத்தகைய குடியிருப்பு ஆட்களை அளித்தது. பம்பாய் ராஜதானியில் சோலாப்பூர்ப் பஞ்சாலைகளும் அவ்வாறே குடியிருப்புவாசிகளின் உழைப்பைப் பெற்றன. சீர்திருத்தம் எங்கே முடிகிறது, மலிவான உழைப்பு எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது எளிதாக இல்லை.

சட்டத்துக்கு உட்பட்டவர்கள் வாளாவிருக்கவில்லை. மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில், 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், கைரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர் மீது போலீஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். மாயக்காள் என்னும் பெண் உட்படப் பலர் உயிர் துறந்தனர். உழுது பயிரிட்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். தாம் செய்யாத குற்றத்துக்குத் தம் கைவிரலைச் சாட்சியாகத் தர மாட்டோம் என்று நின்றனர். அம்மக்களுக்காக வழக்காடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தனர். பின்னர் முத்துராமலிங்கத் தேவர் இச்சட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகச் சென்று இயக்கம் நடத்தினார்.

தேசியத் தலைவர்களின் கவனமும் இதன்பால் திரும்பியது. 1936-இல் நெல்லூரில் பேசிய ஜவஹர்லால் நேரு, எந்த இனத்தையும் குற்ற இனம் என்று வகைப்படுத்தல் தகாது என்று கண்டித்தார். பம்பாய் ராஜதானியில் கே. எம். முன்ஷியின் தலைமையில் அமைந்த குழு 1939-இல் தன் அறிக்கையை அளித்தது. சென்னையில் உள்துறை அமைச்சராயிருந்த டாக்டர் சுப்பராயன் கொண்டுவந்த மசோதாவால் 1947-இல் அம்மாகாணத்தில் சட்டம் நீங்கியது. நாடு முழுவதற்குமான ஆய்வுக்காக, 1949-இல், பின்னாளில் மக்களவைத் தலைவரான அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் ஒரு குழு அமைந்தது. மாகாணந்தோறும் சென்று, குடியிருப்புகளைப் பார்வையிட்டு, அதிகாரிகளையும் பொதுமக்களையும் விசாரித்தது அக்குழு. எண்பதாண்டுகட்கு முன்பே செய்திருக்க வேண்டிய செயல் அது. பிறப்பினால் ஒருவரைக் குற்றவாளியாகக் கருதும் சட்டத்தை நீக்குக. பழங்குற்றவாளி எவராயினும், சாதி நோக்காது, அவரவர் செயலைக் கொண்டே நடவடிக்கை எடுக்க ஒரு சட்டம் அமைக. இம்மக்களின் கல்விக்கும் வாழ்வுக்கும் பொருள் ஒதுக்குக என்று அது பரிந்துரைத்தது. 1952-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாள் குற்றப் பரம்பரைச் சட்டம் நாடெங்கும் ஒழிந்தது. இன்றும் அந்நாளைத் தம் விடுதலை நாளாக அம்மக்கள் கொண்டாடுகின்றனர்.

கதை இங்கே முடிந்திருப்பின் நன்றாயிருக்கும். ஆனால் ஏட்டிலிருந்து நீங்கியது ஏட்டை எழுதியவர் மனத்திலிருந்து அவ்வளவு எளிதில் நீங்கவில்லை. பல மாநிலங்கள் பழங்குற்றவாளிகள் சட்டங்களை இயற்றின. சென்னையில் 1948-லும், பம்பாயில் 1959-லும் அவை வந்தன. அவற்றின் வாசகத்தில் இனத்தின் பெயர் இல்லை. ஆயினும் அவை யார் மேல் பாய்ந்தன என்பதே வினா. 1998-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் புதன் சபர் என்னும் இளைஞர் போலீஸ் காவலில் இறந்தார். அவர் பிறந்த கேரியா சபர் சமூகம் ஒரு காலத்தில் குற்றப் பரம்பரை என அறிவிக்கப்பட்டிருந்தது. எழுத்தாளர் மகாசுவேதா தேவி முதலியோரின் முயற்சியால் வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றத்தை எட்டியது. அவருடைய மனைவிக்கு இழப்பீடு வழங்கவும், மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்கவும் நீதிமன்றம் ஆணையிட்டது. இவ்வினத்தாரின் நிலையை ஆராய அமைந்த ரெங்கே ஆணையம் 2008-இல் அறிக்கை தந்தது. பழங்குற்றவாளிகள் சட்டத்தை நீக்குமாறு ஐக்கிய நாடுகளின் இன வேற்றுமை ஒழிப்புக் குழு 2007-இல் இந்தியாவைக் கேட்டுக்கொண்டது.

அண்மைக் காலத்தில் உச்ச நீதிமன்றம் இருமுறை இப்பொருளைத் தொட்டது. 2024-ஆம் ஆண்டு மே மாதம், போலீஸ் நிலையங்களின் நடத்தைப் பதிவேடுகளில் பின்தங்கிய சமூகங்களையும் முன்னாளில் அறிவிக்கப்பட்டிருந்த இனங்களையும் சேர்ந்த குற்றமற்றவர்களின் பெயர்களை இயந்திரம் போல் எழுதிவிடும் போக்கைச் சுட்டிக்காட்டி, மாநிலங்கள் இதைத் தடுக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் அளித்த தீர்ப்பில், சிறைக் கையேடுகளில் சாதியடிப்படையில் வேலை பிரிக்கும் விதிகளை அரசியலமைப்புக்கு முரணானவை என்று அகற்றியது. அங்கேயும், சில இனத்தாரைப் பழக்கத்தால் குற்றவாளிகள் என்று கருதும் பழைய வாசகங்கள் உயிரோடிருந்தன. 1871-இன் நிழல் 2024 வரை நீண்டிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இம்மக்களைக் குறிக்க வழங்கும் சொற்களையும் நோக்குக. ஆங்கிலத்தில் ஆட்சிமொழி, அறிவிக்கையிலிருந்து நீக்கப்பட்டவர் என்ற அளவிலே நின்றுவிட்டது. நீக்கத்தைச் சொல்லும்போதே முன்பு அறிவிக்கப்பட்டிருந்ததையும் அது நினைவூட்டிவிடுகிறது. இந்தியில் விமுக்த ஜாதி, அதாவது விடுவிக்கப்பட்ட இனம், என்கின்றனர். தமிழகத்தில் சீர்மரபினர் என்னும் சொல் ஆட்சியில் வழங்குகிறது. மூன்றனுள் இதுவே அவர்கள் எதிலிருந்து நீங்கினர் என்று கூறாமல், எத்தகையவர் என்று கூறுகிறது. நல்ல சொல் அமைந்துவிட்டது. ஆனால் போலீஸ் நிலையப் பதிவேட்டின் சொல்லும் அதனோடு ஒத்துவர வேண்டும்.

ஊரில் களவு நிகழ்ந்தால் தடுக்கத்தான் வேண்டும். அதைச் செய்தவர் தண்டனை பெறத்தான் வேண்டும். ஆனால் இன்ன தெருவார், இன்ன இனத்தார், இன்ன தோற்றத்தார் என்று பெயரெழுதி வைக்க எவரேனும் முனையும்போது, குடிமக்களாகிய நாம் கேட்க வேண்டிய வினாக்கள் பழையவையே. இவர் செய்தது யாது? அதற்குச் சான்று எங்கே? மறுத்துரைக்க இவருக்கு இடம் உண்டா? இந்நடவடிக்கை பயன் தரவில்லையாயின் அதை அறிவதற்கு வழி வகுத்திருக்கிறோமா? எண்பத்தோராண்டு அவ்வினாக்கள் எழாமற்போனமையின் விலையைப் பிறக்கும்போதே குற்றவாளி எனப் பெயர் பெற்ற குழந்தைகள் கொடுத்தனர். மறுக்கலாகாத சான்று என்று ஓர் அரசாங்கம் கூறுமிடத்தில்தான் சான்று கேட்கும் கடமை நமக்கு மிகுதியாகிறது.